குல்லா போடாத ஹூடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி என் வேலை.

அந்த வருடம் பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் தொட்டித் தண்ணீர் சூடேறி, குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தச் சூட்டில் என் மகள் முதுகில் குல்லா தொங்கும் சாம்பல் நிற ஹூடி ஒன்றை மாட்டிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்புவாள். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, மெட்ரோ தூண்களுக்கு அடியில் புழுதியில் இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு தூரமும் அந்தக் கனத்த சட்டைக்குள்ளேயே போய் வருவாள்.

"ஏண்டி, இந்த வெயில்ல எவளாவது கம்பளி போடுவாளா?"

"இது கம்பளி இல்லம்மா. உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பதினேழு வருடமாக நான் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வருகிற சட்டைகளைப் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் பார்த்து, குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அதில் முக்கால்வாசி ஹூடியும் ஸ்வெட் ஷர்ட்டும்தான். பனி கொட்டுகிற ஊர்களுக்குப் போகிற சட்டைகளை, தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வேர்வை ஓட ஓட நாங்கள் புரட்டிக்கொண்டிருப்போம். ஸ்வெட் ஷர்ட் என்கிற பெயர் அதைப் போடுகிறவர்களைவிட எங்களுக்குத்தான் பொருத்தம்.

என் கணவருக்கு இவை எல்லாமே ஜெர்கின். அவர் சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மகள் முதன்முதலில் "நைனா, எனக்கு ஒரு ஹூடி வேணும்" என்று கேட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஊட்டியா? இன்னாத்துக்கு? ஸ்கூல்ல இட்டுகினு போறாங்களா?"

"ஊட்டி இல்ல நைனா. ஹூடி."

"அத்தான் நானும் சொல்றேன். ஊடி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஊடிதான். அவருக்கு வீடு ஊடு, சட்டை ஊடி. நான் பள்ளியில் தமிழை விருப்பமாகப் படித்தவள். ஊடுதல் என்றால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று எனக்கு ஒரு பாடம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி அன்றைக்கு நானும் சிரித்தேன். அவள் அதற்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரப்போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் மேஜையில் வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டையை மேஜையில் விரிப்போம். கழுத்து, தோள், கை, பாக்கெட், கீழ் ரிப் என்று மேலிருந்து கீழே கண் ஓடும். பிறகு நடுவில் மடித்து, இடது தோளை வலது தோளோடு பொருத்துவோம். இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அதற்கு எங்கள் பாஷையில் அப்டவுன். தோள் அப்டவுன், பாக்கெட் அப்டவுன், கை அப்டவுன். கால் இஞ்ச் வரை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால், ஆள்காட்டி விரல் நகம் அளவுக்கு இருக்கிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி, திருப்பி அனுப்ப வேண்டும். எதுவும் பேச வேண்டியதில்லை. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே குற்றம்.

கால் இஞ்ச் வித்தியாசத்தை டேப் இல்லாமலே என் கண் பிடித்துவிடும். இதில் எனக்குக் கர்வம் உண்டு. சூப்பர்வைசர் புதிதாக வருகிற பெண்களிடம் என்னைக் காட்டி, "அக்கா கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது" என்பார். தப்பாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

மிச்சம் மீதி ஸ்டிக்கர் சுருள்கள் கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிடும். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கணவர் சட்டையில் விட்டுப்போன பட்டனுக்கு ஓர் அம்பு. கேஸ் அடுப்பில் துடைக்காத கறைக்கு ஓர் அம்பு. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாத இடத்துக்கு ஓர் அம்பு. திட்டினால்தான் சண்டை வருகிறது, ஒட்டினால் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிடுகிறார்கள் என்று எனக்குப் பெருமை. மகளின் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு மார்க் ஷீட்டில் கணக்குக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டினேன். அவள் அதைப் பிய்க்காமல் அப்படியே பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட்ட இடத்தைக் காட்டும் அம்பு என்று அவள் டீச்சர் நினைத்துக்கொண்டாராம். வீட்டில் இதைச் சொல்லி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அவளும் சிரித்தாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை.

அந்தச் சாம்பல் ஹூடியை அவள் பிளஸ் டூ முடித்த விடுமுறையில் வாங்கினாள். ஒரு வருடம் நான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எல்லாப் பிள்ளைகளும்தான் போடுகிறார்கள். ஆனால் இரண்டாவது வெயில் காலத்திலும் அவள் அதைக் கழற்றாதபோது எனக்குச் சந்தேகம் வந்தது. தாய்க்கு வருகிற சந்தேகம் எல்லாம் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் காதல். யாரோ ஒரு பையன் வாங்கிக்கொடுத்ததா? இல்லை, ஆவடி மார்க்கெட்டில் என் கணவரோடு போய் வாங்கியது. பிறகு சிகரெட். துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசனையும் பஸ் வாசனையும்தான். வயிற்றுப் பக்கம் கங்காரு பாக்கெட்டில் கை விட்டுத் துழாவினேன். பஸ் டிக்கெட், ரப்பர் பேண்ட், கடலை மிட்டாய்க் காகிதம். கடைசிச் சந்தேகத்தைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. அவள் இட்லி சாப்பிடக் கையைச் சுருட்டியபோது மணிக்கட்டில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். கை சுத்தமாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. அவள் ஒரு நாளும் அந்தக் குல்லாவைத் தலையில் போட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்தாலும் அது முதுகில்தான் தொங்கும். தலைக்குப் போடாத குல்லா எதற்கு?

"எவனோ கடக்காரன் உம் பொண்ணுக்கு நல்லா குல்லா போட்டான், அத்தான்" என்றார் கணவர். "வுடேமே. போட்டுகினு போவட்டும். வேர்த்தா அவளே கயட்டுவா."

அவர் விட்டாலும் நான் விடுகிறவள் இல்லை. எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஹூடிதானே வேண்டும், இதைவிட நல்லதைக் கொடுத்தால் இதைக் கழற்றிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் கம்பெனியில் ஆர்டர் முடிந்து மிஞ்சுகிற பீஸ்களை அவ்வப்போது ஊழியர்களுக்குக் கொடுப்பார்கள். முதலில் ஒரு வட்டக்கழுத்து ஸ்வெட் ஷர்ட் கொண்டுவந்தேன். குல்லா கிடையாது, பாக்கெட் கிடையாது, மெல்லிய லூப் துணி. உள்ளே புசுபுசுவென்று பஞ்சு மாதிரி உரசி வைத்த ஃப்ளீஸ் அல்ல. சின்னச் சின்ன நூல் வளையங்கள்தான், காற்று போகும். இந்த ஊருக்கு ஒன்று போட்டே ஆக வேண்டும் என்றால் அதைத்தான் போட வேண்டும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வேணாம்மா. கழுத்து பிடிக்குது" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்து ராக்லன். சாதாரணச் சட்டையில் கையை ஒட்டும் தையல் தோள் எலும்பின் மேல் உட்காரும். ராக்லனில் அந்தத் தையல் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக ஓடும். வெள்ளை உடம்புக்கு நீலக் கை. பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதையும் மறுத்துவிட்டாள். காரணம் கேட்டேன். "கலர் பிடிக்கல." பிறகு கழுத்திலிருந்து நெஞ்சு வரை மட்டும் ஜிப் வைத்த ஒன்று. அதைப் போட்டே பார்க்கவில்லை. கையில் வாங்கி, ஜிப்பைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நான் நல்லது என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் என் மகளுக்கு மட்டும் ஆகவில்லை. அவளுடைய சாம்பல் ஹூடியைத் துவைக்கும்போது வேண்டுமென்றே ஆராய்ந்தேன். டிராப் ஷோல்டர். அதாவது தோள் தையல் தோளில் உட்காராமல், புஜத்தில் இறங்கித் தொளதொளவென்று கிடக்கும். அளவே இல்லாத சட்டை. துணி மட்டம், தையல் அவசரம். என் மேஜைக்கு வந்திருந்தால் ஏழெட்டு அம்பு வாங்கியிருக்கும். இந்தக் குப்பைக்காகவா என் பீஸ்களைத் தள்ளுகிறாள் என்று பக்கெட்டில் போட்டு அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். முந்தின நாள் முழு ஜிப் வைத்த கறுப்பு ஹூடி ஒன்று கிடைத்திருந்தது. ஐரோப்பாவுக்குப் போன ஆர்டரில் மிஞ்சியது. குண்டூசி முனை அளவுக்குக்கூடத் தப்பு சொல்ல முடியாத பீஸ். நானே பார்த்துப் பொறுக்கியது. கணவர் தரையில் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போடு. என் கண்ணெதிர்ல போடு. அந்த ரூம் வேலையே வேணாம்."

"அம்மா, ப்ளீஸ்."

"போடுன்னா போடு."

டீ ஷர்ட் மேலேயே போட்டுக்கொண்டாள். "ஜிப்பை ஏத்து" என்றேன். ஏற்றினாள். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். ஜிப் கழுத்திலிருந்து நேராக இறங்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, கீழே வரும்போது மறுபடியும் திரும்பியது. இடது தோள் ஏறியிருந்தது. முக்கால் இஞ்ச் இருக்கும். என் கண்ணுக்கு அது விளக்குப் போட்ட மாதிரித் தெரிந்தது.

எனக்குச் சுரீர் என்றது. நான் பொறுக்கியதை மாற்றி வேறு எதையோ பையில் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. சுவாமி படத்துக்குக் கீழே கிடந்த சுருளிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து, அவள் இடது தோளில் பளிச்சென்று ஒட்டினேன்.

"பாருங்க, அப்டவுன்! ரிஜெக்ட். ரிஜெக்ட் பீஸைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டானுங்க!"

கணவர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "செக்கர் ஊட்லயே ரிஜெக்ட்டா?"

அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை. என்றைக்கோ நடக்கும் என்று காத்திருந்தது நடந்துவிட்டது மாதிரி இருந்தது. மெதுவாக ஜிப்பை இறக்கினாள். கழற்றி நாற்காலியில் போட்டாள். உள்ளே போய்ச் சாம்பல் ஹூடியை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் டீ வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரு சட்டைக்காக இவ்வளவு வீம்பா என்று நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கறுப்பு ஹூடியைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். யார் மாற்றினார்கள் என்று ஒரு சண்டை போடாமல் விடுவதில்லை என்று பஸ்ஸில் வசனமெல்லாம் தயார் செய்தேன். மேஜையில் விரித்தேன். அம்பு இன்னும் தோளிலேயே இருந்தது. நடுவில் மடித்து, தோளோடு தோளைப் பொருத்தினேன். இரண்டும் ஒன்றாக நின்றன. திருப்பிப் போட்டு மடித்தேன். ஒன்றாகத்தான் நின்றன. டேப் வைத்தேன். கழுத்துப் புள்ளியிலிருந்து இடது, வலது; தோளிலிருந்து பாக்கெட் வரை இடது, வலது. நூல் பிசகவில்லை. ஜிப்பை ஏற்றிப் பார்த்தேன். கோடு கிழித்த மாதிரி இறங்கியது.

பக்கத்து மேஜையில் என்னைவிட மூத்த ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் நீட்டினேன். "இதுல தோள் அப்டவுன் இருக்கா, பாருக்கா."

அவர் இரண்டு புரட்டில் பார்த்துவிட்டார். "பீஸ் ஓகேதான்மே. எங்க பார்த்த நீ அப்டவுனு?"

"போட்டுப் பார்த்தப்போ தெரிஞ்சுதுக்கா."

"யாரு போட்டா?"

"எம் பொண்ணு."

அக்கா என்னைப் பார்த்தார். சட்டையை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, தன் மேஜையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. வட்டக்கழுத்து ஸ்வெட் ஷர்ட்டில் தோள் தையல் எலும்பின் மேல் உட்காரும். ஒன்று ஏறினால் கழுத்தே சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ராக்லனில் இரண்டு சாய்வுக் கோடுகள். நீலமும் வெள்ளையும் வேறு. தோள் ஒன்று உயர்ந்திருந்தால் பஸ்ஸில் பின்னால் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஜிப் என்பது உடம்புக்கு நடுவில் கிழித்த கோடு. உடம்பு வளைந்தால் அதுவும் வளையும். டிராப் ஷோல்டரில் மட்டும்தான் தோள் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குல்லா தலைக்கு வாங்கியதே இல்லை. முதுகில் தொங்கி, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிற தோள்பட்டையை மூடுவதற்கு. பதினேழு வருடம் நான் மேஜையில் கற்றதை, கண்ணாடி முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, அவள் கற்றிருந்தாள்.

என் மேஜைக்கு வருகிற சட்டைகளுக்குள் ஆள் இருப்பதில்லை. அதனால்தான் போலிருக்கிறது, ஆள் இருக்கிற சட்டையைப் பார்த்தபோதும் சட்டையை மட்டும் பார்த்தேன். குற்றம் என்றால் துணியில்தான் இருக்கும் என்று பழகிய கண். அம்மா என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ரிஜெக்ட் பீஸ் என்று சொன்னேனே. அவள் தோளில் அம்பு ஒட்டிவிட்டுச் சொன்னேனே. பாத்ரூமுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அரை நாள் பர்மிஷன் போட்டேன்.

அவள் காலேஜிலிருந்து வரும்போது நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி உள்ளே போகப் பார்த்தாள். கையைப் பிடித்தேன்.

"அந்தச் சட்டை நேராத்தான் இருக்குடி" என்றேன்.

அவள் இன்னொரு கையால் பையை இறக்கி வைத்தாள். "தெரியும்மா" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"பிளஸ் டூ ஃபேர்வெல்லுக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தோமே, அப்போ. டெய்லர் அக்கா ரெண்டு தடவை அளந்தாங்க. 'ஒரு தோள் ஏறியிருக்குதுமா, அம்மாகிட்ட சொல்லு'ன்னாங்க."

அந்தக் கடைக்கு நான் கூடப் போயிருக்க வேண்டும். ஷிப்மென்ட் நேரம், தோழிகளோடு போய் அளவு கொடுத்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் என் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "மார்க் ஷீட்ல ஒட்டின மாதிரி ஒட்டிடுவியோன்னு பயமா இருந்துச்சு. கணக்குன்னா படிச்சு சரி பண்ணிடலாம். இத நான் எப்படிம்மா சரி பண்ணுவேன்?"

இதற்கு மேல் என் கோபத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் பெருமையாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது, நேராக இருக்க வேண்டிய எலும்பு வரிசை நடுவில் லேசாக ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆபரேஷன் வரை போகிற வளைவும் இல்லை என்றார் டாக்டரம்மா. பயிற்சி எழுதிக்கொடுத்தார். அவ்வப்போது வந்து காட்டச் சொன்னார். பிறகு, "வளர்ற வயசுலேயே வந்திருந்தா முதுகுக்கு பெல்ட் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்ப அந்தக் கட்டம் தாண்டிடுச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வளர்கிற வயதில் அவளிடம் ஹூடிகூட இல்லை. நான் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தி பழைய வழியிலேயே ஓடியது. எங்கள் சாம்பிள் டெய்லரிடம் சொல்லி அந்தக் கறுப்பு ஹூடியின் ஒரு தோளை முக்கால் இஞ்ச் ஏற்றித் தைத்துவிட்டால், போடும்போது ஜிப் நேராக நிற்கும். அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சட்டை நேராத்தானம்மா இருக்கு. அதை எதுக்குக் கோணலாக்குற?"

கணவருக்கு விஷயம் முழுதாக விளங்க ஒரு நாள் ஆயிற்று. விளங்கியதும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குட்டியானையில் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, அவள் தொங்கிப் பயிற்சி செய்ய பால்கனிச் சுவர்களுக்கு நடுவில் பொருத்தினார். பொருத்தி முடித்துவிட்டு, தானே ஒரு தடவை தொங்கிப் பார்த்துக்கொண்டார். "ஸ்ட்ராங்கா கீது. யான தொங்கலாம்."

அன்றைக்குத்தான் அவள் என் டேப்பை எடுத்து எங்களை அளக்க ஆரம்பித்தாள். முதலில் அவரைச் சுவரோடு நிற்க வைத்தாள். பெரிய செக்கர் மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "நைனா, உனக்கு ரைட் சைடு இறங்கியிருக்கு. அரை இஞ்ச்."

"லோடு தூக்கின தோளும்மா. எறங்காம இன்னா பண்ணும்?"

பிறகு என்னை நிறுத்தினாள். மேஜை மேல் குனிந்து குனிந்து எனக்கும் வலது தோள் இறங்கியிருந்தது. எத்தனையோ சட்டைகளை மடித்துப் பார்த்தவள், என்னை நான் ஒரு நாளும் மடித்துப் பார்த்ததில்லை. "ரெண்டு பேரும் ரிஜெக்ட்" என்றாள். அந்த வார்த்தையை அவளே எடுத்துச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்டிக்கர் சுருள்களை அதற்கு முன்பே நான் குப்பையில் போட்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவள் பயிற்சி செய்கிறாள். சில வாரம் ஒழுங்காக, சில வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டு. என் கோபம் போகவில்லை. மிக்ஸி மூடியைத் திறந்து வைத்தால் இன்னும் கத்துகிறேன். ஆனால் அவள் முதுகை மட்டும் நானாகப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணை அடக்கியே பழகிவிட்டேன்.

போன வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் பனியன் துணி டீ ஷர்ட்டோடு வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பார்த்துச் சொல்லும்மா. ஏதாவது மாறியிருக்கா?"

நான் பார்த்தேன். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இந்தக் கண் எனக்குச் சாபம்தான். நேராகிவிட்டது, நல்லா இருக்கு என்று சொல்ல வாய் துடித்தது. அவள் திரும்பாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி" என்றேன். "இடது இன்னும் ஏறித்தான் இருக்கு."

"எவ்ளோ?"

"முக்கால் இஞ்ச். அப்படியேதான் இருக்கு."

அவள் திரும்பினாள். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் இல்லை.

"எனக்கே தெரியும். காலையில கண்ணாடில பார்த்தேன்" என்றாள். "நேராயிடுச்சுன்னு நீ பொய் சொல்லியிருந்தா, இனிமே உனக்குக் காட்டியே இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் கிடந்த சாம்பல் ஹூடியை எடுத்து, தலை வழியாக மாட்டிக்கொண்டாள். குல்லா ஒரு பக்கமாகச் சுருண்டு கழுத்தில் மாட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றாள். நான் அதை எடுத்து, இரண்டு பக்கமும் நீவி, முதுகில் சரியாகப் போட்டுவிட்டேன். வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இந்த வெயில்ல இதைப் போட்டுக்கிட்டா போறே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பையில் வைத்தேன்.